ஹீட்டர் ராடும் ‘இருக்கட்டுங்க’ என்ற சொல்லும்

சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் என்னை விட்டுப் போன என் ஆசை அண்ணனுக்கு,

பேசத் தெரிந்த நாளிலிருந்து உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். நம் வீட்டில் கோழியை விரட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் விரட்டுவோம் என்று நீயே கிண்டல் செய்வாய். இந்தக் கடிதம் முழுக்க ‘நீ’தான். இன்றைக்கு எனக்கு மரியாதை வரவில்லை. வரவழைக்கவும் இஷ்டமில்லை.

இதை நம் பக்கத்திலேயே போடப் போகிறேன். ‘தொட்டுப் பாத்தோமுங்க’ என்று நீ பெயர் வைத்த அதே இன்டர்நெட் பக்கத்தில். மிக்ஸி, ஸ்டெபிலைசர், கார்ட்லெஸ் போன் எதை வாங்கலாம் என்று தெரிந்துகொள்ள வருகிறவர்கள் இதையும் படிக்கட்டும். அவர்களுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. அம்மாவுக்கு இன்டர்நெட் பார்க்கத் தெரியாதது ஒரு வசதி.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. இங்கே மார்கழிக் குளிர் இந்த வருஷம் அதிகம். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று ஒரே பேச்சு. அதைச் சாக்கு வைத்து டவுனில் டார்ச் லைட்டுக்குக்கூட ‘இரண்டாயிரத்துக்கு ஏற்றது’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். நீ இருந்திருந்தால் அந்த ஸ்டிக்கரை உரித்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, நாலு பத்தி எழுதியிருப்பாய். நான் ஒரே வரியில் எழுதிவிட்டேன். ஸ்டிக்கர் ஒட்டாத டார்ச்சும் எரியும்.

நம் கெஸ்ட் புக்கில் இன்னும் உன்னைப் புகழ்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், அமெரிக்காவிலிருந்து இரண்டு பேர், சேலத்திலிருந்து ஒரு வாத்தியார். நேர்மையான மனிதர், பயமில்லாத மனிதர், மனதில் பட்டதை எழுதியவர். படிக்கப் படிக்க எனக்கு எரிச்சலாக வருகிறது. செத்தவுடன் எல்லாரும் இப்படித்தான் ஆகிவிடுகிறார்களா?

ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. அதுதான் கோபமே. பெரியநாயக்கன்பாளையத்து மோட்டார் கம்பெனியில் பகல் முழுக்க டெஸ்டிங்கில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்தும் நீ டெஸ்டரைக் கீழே வைத்ததில்லை. யார் வீட்டில் புதுப் பொருள் வாங்கினாலும் நாலு நாள் இரவல் கேட்டு வாங்கி வந்துவிடுவாய். மூன்று நாள் சாதாரணமாக ஓட்ட வேண்டும், நாலாம் நாள் திருப்புளியால் பிரித்துப் பார்க்க வேண்டும், கடைசியில் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இதுதான் உன் முறை. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த டேபிள் டாப் கிரைண்டரை நீ பிரித்துப்போட்டு மறுபடி மாட்டியபோது ஒரு போல்ட் மிஞ்சியது. அதையும் மறைக்காமல் பக்கத்தில் எழுதினாய். ‘ஒரு போல்ட் இல்லாமலும் ஓடுது, அப்ப எதுக்குப் போட்டாங்கன்னு தெரியலீங்க.’

ஒவ்வொரு கட்டுரைக்கும் கடைசி வரி ஒன்றுதான். ‘வாங்கலாமுங்க’ அல்லது ‘வாங்காதீங்க’. நடுவில் எதுவும் கிடையாது. ஸ்டெபிலைசர் கடைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், அந்தக் கடைசி வரியை மட்டும் கொஞ்சம் மாற்றச் சொல்லி. நீ அவருக்குக் காபி கொடுத்தாய், முறுக்கு கொடுத்தாய், பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் வழியனுப்பினாய். வரியை மாற்றவில்லை. அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அப்புறம் மாமா வந்தார்.

படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். மாமா என்றால் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஊருக்கு வெளியே ஷெட் போட்டு வாட்டர் ஹீட்டர் ராடு செய்கிறார். பக்கெட் தண்ணீருக்குள் முக்கிச் சுவிட்ச் போட்டால் பத்து நிமிஷத்தில் சுடுதண்ணீர். அவருடைய மகன் நந்தகுமாருக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். மாசி மாதம் உப்புச் சக்கரை மாற்றிப் பேச்சை உறுதி செய்வதாக ஏற்பாடு. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மாமா ஒரு ராடைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தார்.

“மாப்ள, நம்ம ராடப் பத்தியும் உன்ற இன்டர்நெட்டுல நாலு வார்த்தை போட்டுடு” என்றார்.

நீயும் வழக்கம்போல மூன்று நாள் ஓட்டினாய். உன் நோட்டில் இருக்கிறது, இப்போது என் பக்கத்தில்தான் அந்த நோட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். முதல் நாள் நன்று. இரண்டாம் நாள் நன்று. மூன்றாம் நாள், ‘பக்கெட் தண்ணியில் டெஸ்டர் எரியுது.’ நாலாம் நாள் பிரித்துப் பார்த்து, மூடிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அடைப்பு சரியில்லை என்று படம் வரைந்து எழுதியிருக்கிறாய். டெஸ்டர் எரிந்தால் தண்ணீரில் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். கை வைத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா?

ஆனால் பக்கத்தில் என்ன வந்தது? தண்ணீர் சீக்கிரம் சுடுகிறது, ஒயர் நீளம் போதும், பிடி கைக்கு வாகாக இருக்கிறது. டெஸ்டர் எரிந்த பேச்சே இல்லை. கடைசி வரியில் ‘வாங்கலாமுங்க’வும் இல்லை, ‘வாங்காதீங்க’வும் இல்லை. ‘இந்த ராடு இருக்கட்டுங்க’ என்று இருந்தது.

நம் ஊர்ப்பக்கம் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. மூன்றாவது தோசை வைக்க வரும்போது இலையை மறைத்துக்கொண்டு ‘இருக்கட்டுங்க’ என்போம். பெண் கேட்டு வந்த இடம் பிடிக்காவிட்டால் ‘இருக்கட்டுங்க, பாக்கலாம்’ என்போம். வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வேண்டாம் என்ற சொல்லை வாயில் எடுக்காமலே வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய்த்த சொல் அது. மாமாவுக்கும் அது புரிந்தது. முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் திட்டவில்லை. உப்புச் சக்கரை நல்லபடியாக நடந்தது. எல்லாருக்கும் மரியாதை மிஞ்சியது.

அடுத்த நாலு மாதத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் உன் மொபெட்டை லாரி இடித்தது. அதைப் பற்றி இங்கே எழுத என்னால் முடியாது. மாமாதான் ஓடி ஓடி எல்லாம் செய்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கார்த்திகை கடைசியில் ஒரு மெயில் வந்தது. பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவர், சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் நம் பக்கத்தை விடாமல் படிப்பவராம். குளிர் தாங்கவில்லை என்று மாமாவின் ராடை வாங்கியிருக்கிறார். சுவிட்ச் போட்டிருக்கும்போது அவர் மனைவி தண்ணீர் சுட்டதா என்று விரலை விட்டுப் பார்த்திருக்கிறார். நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் வாங்கினேன், உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, வேறொன்றுமில்லை என்று முடித்திருந்தார். ஒரு கெட்ட வார்த்தை இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிப் பெருந்துறைக்குப் போனேன். கம்பெனிக் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு. அந்த அம்மா தையல் தைப்பவர். பெயர் வசந்தா. வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. இடது கையால் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்து, இடது கையில் தருவதற்கு மன்னிப்புக் கேட்டார். தையல் மெஷின்மேல் பாதி வெட்டிய ரவிக்கைத் துணி அப்படியே கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார், என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்றார்.

அவர் கணவர் தலையைக் குனிந்தபடி பேசினார். “நீங்க வாங்காதீங்கன்னு தைரியமா எழுதுறவங்களாச்சே. ஒரு மிக்ஸிக்கு எழுதுனீங்க, ரெண்டு ஸ்டெபிலைசருக்கு எழுதுனீங்க. இதுக்கு அப்படி எழுதல. இருக்கட்டுங்கன்னு போட்டிருந்துச்சு. சரி, நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கட்டும்னு வாங்கிட்டேன்.”

அவர் சொன்னதில் ஒரு தப்பு கண்டுபிடி பார்ப்போம். பிழைக்க வந்து பெருந்துறையில் குடியிருக்கிறார், நம் பேச்சுப் புரியாத மனிதர். அவருக்குத் தெரிந்த தமிழில் இருக்கட்டும் என்றால் இருக்கட்டும்தான். ‘வாங்காதீங்க’ என்று எழுதப் பயப்படாதவன் ஒரு பொருளுக்கு மட்டும் அதை எழுதவில்லை என்றால், அவர் வேறென்ன நினைப்பார்? நம் பக்கத்தை நம்பியதுதான் அவர் செய்த தப்பு.

திரும்பி வந்த மறுநாள் மாமாவும் நந்தகுமாரும் வீட்டுக்கு வந்தார்கள். உன்னால் தள்ளிப்போன கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று நாள் பார்க்க வந்தார்கள். நான் பெருந்துறை விஷயத்தைச் சொன்னேன். உன் நோட்டைக் காட்டினேன். கடையில் இருக்கும் ராடை எல்லாம் திரும்ப வாங்கிவிடச் சொன்னேன், நான் பக்கத்தில் வரியை மாற்றப்போகிறேன் என்றும் சொன்னேன். மாமா நோட்டை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் உன் கையெழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

“செத்துப்போன புள்ள எழுதுனது கண்ணு. அதுல கை வெக்கறது ஆகாது. பொங்கல் வரைக்கும் அப்படியே இருக்கட்டும். சொந்தம் ஒறம்பரைக்குள்ள பேசித் தீத்துக்கலாம்” என்றார்.

மார்கழியில்தான் ராடு விற்கும். பொங்கல் கழிந்தால் யாருக்கும் அது தேவையில்லை. உன் நினைவுக்கு இத்தனை மரியாதை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. செத்தும் நீ அவருக்கு நல்ல விளம்பரமாக இருந்தாய்.

நந்தகுமார் எர்த் சரியாகக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று மெதுவாகச் சொன்னார். நான் அவரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டேன். “உங்க ஊட்டுல இந்த ராடத்தான் போடறீங்களா?”

அவர் மாமாவைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். “அம்மாளுக்கு வெறகடுப்புத் தண்ணிதாங்க புடிக்கும்” என்றார்.

அவர்கள் போனதும் அம்மா அழுதார். உனக்காக அழுததைவிட அதிகமாக. “ஒருத்தன வாரிக் குடுத்தாச்சு. நீயும் இப்படியே நின்னுபோட்டா நான் யாரப் பாத்துட்டு இருப்பேன் அம்மிணி?” என்று கேட்டார். நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்திருப்பாய். நான் உன் நோட்டை எடுத்துக்கொண்டு ஆர்.எஸ்.புரம் பஸ்ஸில் ஏறினேன். நாம் எப்போதும் போகும் பிரவுசிங் சென்டர். நாம் உட்காரும் அதே மூன்றாவது கம்ப்யூட்டர். டெஸ்டர் எரிந்ததை எழுதினேன், மூடி அடைப்பை எழுதினேன், வசந்தாவின் கையை எழுதினேன். கடைசியில் ‘வாங்காதீங்க’ என்று அடித்தேன்.

மூன்றாம் நாள், உப்புச் சக்கரைக்குக் கொடுத்த பட்டுச்சேலையைக் கேட்டு மாமா வீட்டிலிருந்து ஆள் வந்தது. மடித்துக் கொடுத்துவிட்டேன். மாமா ராடை நிறுத்தவில்லை. பெயரை மாற்றி, வேறு நிற டப்பாவில் போட்டு அனுப்புகிறார். புதுப் பெயரையும் டப்பாவின் நிறத்தையும் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அம்மா என்னிடம் பேசுவதில்லை. தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரே பாட்டுப் பாடுகிறார்கள். தங்கச்சி கல்யாணம் கெடக்கூடாதென்று அவன் எழுதாமல் விட்டான், இவள் எழுதிக் கெடுத்துக்கொண்டாள் என்று. அங்கேயும் நீதான் நல்லவன்.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்தவைதான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். பெருந்துறையிலும் விட்டேன், மாமாவிடமும் விட்டேன், அம்மாவிடமும் விட்டேன். இங்கேயும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

தமிழ் டைப் உனக்கு வராது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள் நான். நீ வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு வருவாய், பிரவுசிங் சென்டரில் நீ பக்கத்தில் உட்கார நான் அடிப்பேன். மாமாவின் ராடுக்கு நீ எழுதிய தாள் இந்த நோட்டுக்குள்ளேயே மடித்து இருக்கிறது. அதன் கடைசி இரண்டு வரி இதுதான். ‘மூணாவது நாள் பக்கெட் தண்ணியில் டெஸ்டர் எரியுது. வாங்காதீங்க.’

அந்த இடம் வந்ததும் நான் கையை எடுத்துவிட்டேன். உப்புச் சக்கரைக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. “ஏனுங்ணா, மாமா மனசு நோகுமுங்க. இருக்கட்டுங்கன்னு போட்டுக்கலாமுங்க. நம்ம சனத்துக்குப் புரியுமல்லங்க” என்று சொன்னவள் நான்.

நீ நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டாய். அப்புறம் கேட்டாய். “உனக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்குதா கண்ணு?”

தலையை ஆட்டினேன்.

“சேரி. அடிச்சுப்போடு” என்றாய்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சேலையை மடித்துக் கொடுத்த அன்றும் பிடித்திருந்தது. அது வேறு வெட்கம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் கோபம் இன்னும் உன் மேல்தான், அது குறையவில்லை. ஸ்டெபிலைசர் கடைக்காரருக்கு முறுக்கு கொடுத்து அனுப்பிய உனக்கு, என்னை ஒரு தடவை அதட்ட முடியவில்லையா? ‘தள்ளு, எழுதுனத அடி’ என்று ஒரு வார்த்தை. நான் இரண்டு நாள் அழுதிருப்பேன், மூன்றாம் நாள் சரியாகியிருப்பேன். நான் கேட்டால் எதையும் கொடுத்துவிடுவதா? இதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பெருந்துறையில் கிளம்பும்போது வசந்தா வாசல் வரைக்கும் வந்தார். அதை எழுதியது யார் என்று கேட்டார். எங்கண்ணன் என்றேன். எங்கே இருக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்த மடங்காத விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாவம், போயிட்டாரே. அவரை நாங்க ஒண்ணும் நினைக்கல, விடுங்க” என்றார். உன்னை மன்னிப்பதை நின்று கேட்டுவிட்டு பஸ் ஏறி வந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி பெருந்துறைக்குப் போகிறேன். அவர்கள் இதை ஸ்க்ரீனில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, அதனால் திங்கட்கிழமைதான் பக்கத்தில் ஏற்றுவேன். நீ எழுதிய தாளை வசந்தாவின் கையில் கொடுத்து, எங்கண்ணன் எழுதியது இது, மாற்றி அடித்தவள் நான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
தன் தப்பை உன் தலையில் வைத்துவிட்டு வந்த உன் தங்கச்சி,
கலாமணி